அமெரிக்கப் பள்ளியில் பரிணாமப் பாடம்: போதகர்கள் எந்தப் பக்கம்?

கேள்வி: பரிணாமப் பாடத்தை அமெரிக்க அரசுப் பள்ளிகளில் நடத்தக் கூடாது என்று அங்குள்ள மதத் தலைவர்கள் எல்லோரும் எதிர்க்கிறார்களாமே?

பதில்: எல்லோரும் இல்லை. நீதிமன்றம் ஏறிப் பரிணாமப் பாடத்துக்காக நின்றவர்களில் ஆயர்களும் போதகர்களும் உண்டு. 1981இல் ஆர்கன்சா மாநிலம் சட்டம் 590ஐக் கொண்டுவந்தது. பரிணாமத்தை நடத்தும் பள்ளி, 'படைப்பு அறிவியல்' என்ற பெயரில், உலகையும் உயிர்களையும் கடவுள் படைத்தார் என்ற நம்பிக்கையை அறிவியலாகச் சொல்லும் பாடத்தையும் அதற்குச் சமமாக நடத்த வேண்டும் என்றது அது. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? அந்த மாநிலத்தின் மெதடிஸ்ட், எபிஸ்கோப்பல், கத்தோலிக்க, ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் ஆயர்கள், பிரஸ்பிட்டேரியன் சபையின் தலைமைப் பொறுப்பாளர், சில போதகர்கள், யூத அமைப்புகள். முதல் வாதியான மெக்லீனும் ஒரு போதகர்தான். 1982 ஜனவரி 5 அன்று நீதிபதி ஓவர்ட்டன் சட்டத்தை ரத்து செய்தார். அறிவியல் என்றால் அது இயற்கை விதிகளைக் கொண்டு விளக்க வேண்டும், சோதனைக்கு உட்பட வேண்டும், தவறென்று காட்டப்பட இடம் தர வேண்டும். படைப்பு அறிவியலில் அப்படி எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

எதிர்த்திசையிலும் குரல் பலமாகவே இருந்தது. அதே 1982இல் சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு என்ற பெரிய புராட்டஸ்டண்ட் சபை, பள்ளிகளில் படைப்பு அறிவியலைக் கற்பிப்பதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டில் எபிஸ்கோப்பல் சபையும் பிரஸ்பிட்டேரியன் சபையும் அதற்கு நேர்மாறாகத் தீர்மானித்தன. ஆகவே இதை மதத்துக்கும் அறிவியலுக்கும் நடக்கும் சண்டை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. உலகப் படைப்பைச் சொல்லும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தை எப்படி வாசிப்பது என்பதில் சபைகளுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு இது.

கேள்வி: கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை என்ன?

பதில்: மனித உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆய்வுக்குத் தடையில்லை என்று 1950இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ் எழுதினார், ஆன்மா கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1996இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒரு படி மேலே போய், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்.

கேள்வி: நம்பிக்கை உள்ள போதகர், படைப்பைப் பற்றியும் பள்ளியில் சொல்லுங்கள் என்றுதானே கேட்க வேண்டும்? ஏன் மறுக்கிறார்கள்?

பதில்: இதற்குப் பின்னால் ஆழமான கவலை இருக்கிறது. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் படைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், யாருடைய விளக்கத்தைச் சொல்வார்? பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்ற ஒரு பிரிவின் வாசிப்பா, ஆதியாகமம் சொல்லும் 'நாள்' என்பது நீண்ட யுகம் என்ற வாசிப்பா, யூத மரபின் விளக்கமா? எதைத் தேர்ந்தாலும் மற்றவர்களின் பிள்ளைகள்மேல் அரசு ஒரு மதத்தைத் திணித்ததாகிவிடும். அதோடு, ஒரு நம்பிக்கையை அறிவியல் என்று நிறுத்திவிட்டால் புதிய புதைபடிவம் கிடைக்கும்போதெல்லாம் அதற்கு ஆபத்து. அந்த நிலைக்குத் தங்கள் விசுவாசத்தைத் தள்ளப் பலர் விரும்பவில்லை. விஸ்கான்சினில் ஒரு பள்ளி வாரியத்தின் முடிவையொட்டி 2004இல் உயிரியலாளர் மைக்கேல் சிம்மர்மன் தொடங்கிய, பரிணாமப் பாடத்தை ஆதரிக்கும் 'போதகர் கடிதத்தில்' 10,000க்கும் மேற்பட்ட கிறிஸ்தவப் போதகர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் அங்கே அரசுப் பள்ளியில் 9ஆம் வகுப்பு. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூன்று இடங்களில்தான் வழக்கமாகச் சிக்கல் வரும். முதலாவது, ஆசிரியர் பிரச்சினைக்குப் பயந்து அந்த அத்தியாயத்தையே தாண்டிவிடுவது. வெளியே தெரியாததால் இதுதான் மோசமானது. ஆண்டுத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தை வாங்கி, மாநிலத்தின் அறிவியல் பாடத் தரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பரிணாமத்தின்மேல் மட்டும் சந்தேகம் விதைக்கும் அறிவிப்பு. பென்சில்வேனியாவின் டோவரில் 9ஆம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்ற கருத்து) பற்றிய ஒரு குறுகிய அறிவிப்பை வாசித்துக் காட்டினார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடர்ந்தனர். கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹாட் அவர்கள் தரப்பில் சாட்சி சொன்னார். 2005 டிசம்பர் 20 அன்று பெற்றோர் வென்றனர். வழக்குச் செலவாக, அங்குள்ள அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட நிர்வாகம் 10 லட்சம் டாலர் தர நேர்ந்தது.

மூன்றாவது இதற்கு மறுபக்கம்: வகுப்பில் மதத்தைக் கேலி செய்வது. அரசு மதத்தை வளர்க்கவும் கூடாது, பகைக்கவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லிவிட்டது.

எது நடந்தாலும் முதலில் ஆசிரியரிடம் பேசுங்கள். பிறகு தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசலாம். தேதி, வகுப்பில் சொன்ன சொற்கள், கொடுத்த தாள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். விலக்கினாலும் தேர்வில் கேள்வி வரலாம். தேர்வில் அவள் எழுத வேண்டியது கொள்கை என்ன சொல்கிறது, சான்று என்ன என்பதைத்தான். அதை நம்புகிறாளா என்று யாரும் கேட்கக் கூடாது. படைப்புக் கதைகளை ஒப்பிட்டுப் படிக்க ஆசையென்றால், மதங்களைப் பற்றிய பாடமாகவோ இலக்கியமாகவோ அரசுப் பள்ளியிலேயே அதற்கு இடமுண்டு. உச்ச நீதிமன்றத்தின் 1963 தீர்ப்பு அதைத் தெளிவாக அனுமதிக்கிறது.