மழைநீர் தேங்கும் வீட்டு முற்றத்துக்கு உறிஞ்சுகுழி உதவுமா?

மண் நீரை வாங்கினால், உதவும். உறிஞ்சுகுழி என்பது கல் நிரப்பிய நிலத்தடிக் குழி. கூரையிலிருந்து வரும் மழைநீரைப் பிடித்து வைத்து, சுற்றியுள்ள மண்ணுக்குள் மெல்லக் கசியவிடும். கோலாலம்பூரின் மாலை மழை, மண் உறிஞ்சும் வேகத்தைவிட வேகமாகக் கொட்டுகிறது; அதனால்தான் இடையில் நீர் காத்திருக்க ஓர் இடம் தேவை. எல்ஆர்டி நடைமேடை போல: கூட்டம் ஒரேயடியாக வரும், ரயில் வர வரக் கரையும்.

10 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். கற்களுக்கிடையே வெற்றிடம் சுமார் 40 விழுக்காடுதான். ஆகவே 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் ஆழம் வேண்டும். கழுவிய கல்லையே போடுங்கள். சுற்றிலும் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். குழிக்கு முன்னால், சேறு படிந்து தங்க வண்டல் தொட்டி கட்டாயம். சேறு புகுந்து அடைத்துவிட்டால் கல்லை முழுவதும் அள்ளிக் கழுவ வேண்டிவரும், அது பெரிய வேலை. அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். மிஞ்சும் நீர் லோங்காங்கிற்கு (வடிகாலுக்கு) போக ஒரு குழாய் வையுங்கள். பினாங்கு மலைச்சரிவு வீடுகளில் பொறியாளர் பார்க்காமல் தொடவே வேண்டாம். ஊறிய சரிவு இடியும்.

முதலில் அதே ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். ஆழமாக வெட்டினால் எந்த மண்ணும் நீரை வாங்கும் என்பது தவறான நம்பிக்கை: களிமண்ணிலும், நிலத்தடி நீர் மேலாக இருக்கும் கடலோரத் தாழ்நிலத்திலும் குழி நிறைந்தே கிடக்கும்.