‘கூட’ செய்யும் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாட்ஸ்அப் வரலாற்றுக் குழுவில் ஒரு பெரியவர், வேலூர்ப் புரட்சி 1805இல் நடந்தது என்று எழுதினார். நான், ‘1806 ஜூலை 10. இதுகூடத் தெரியாம எழுத வந்துட்டீங்களா?’ என்று பதில் போட்டேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார். எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள். நான் சொன்ன தேதி சரிதானே?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

தேதி சரிதான். ஆனால் அவருடைய 1805 காற்றில் வந்த எண் அல்ல. சிப்பாய்களைக் கொதிக்க வைத்த புதிய தலைப்பாகைக்கு உத்தரவானது 1805 நவம்பரில். எங்கோ அதைப் படித்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டிருப்பார். ‘தலைப்பாகை உத்தரவு 1805 நவம்பர், கோட்டையில் எழுந்தது 1806 ஜூலை 10 என்று படித்திருக்கிறேன் ஐயா. நீங்க எதுல பார்த்தீங்க?’ என்று எழுதியிருக்கலாம். நமக்குத் தெரிந்தது முதலில், கேள்வி கடைசியில். கேள்வியை மட்டும் தனியாக அனுப்பினால் அது குறுக்கு விசாரணை.

உங்கள் வரியில் சூடு முழுக்க ‘கூட’வில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தேதி. ‘முதல்ல படிச்சிட்டு வாங்க’வில் வரும் ‘முதல்ல’, ‘சொன்னீங்களாமே’வில் வரும் ‘ஆமே’ எல்லாம் இதே சாதி. அனுப்புமுன் இவற்றைத் தேடி அழியுங்கள். அதுவரை ‘நீங்க’ என்று எழுதிவிட்டு, கோபத்தில் ‘தாங்கள்’ என்று ஏறுவதும் குத்தல்தான். மரியாதை என்று யாரும் ஏமாறுவதில்லை.

நம்ம பக்கத்து ‘இன்னாபா’வும் அப்படி. நேரில் சிரித்துக்கொண்டே சொன்னால் பாசம். திரையில் படிக்கும் நெல்லைக்காரருக்கு அது அதட்டல்.

எந்தச் செய்திக்குப் பதில் என்பதை இழுத்துப் பிடித்துக் காட்டுங்கள். நடுவில் நாற்பது ‘காலை வணக்கம்’ ரோஜாக்கள் வந்து விழுந்திருக்கும். உங்கள் பதில் வேறு யார் தலையிலோ இறங்கும். ஆதாரமாகப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். குரல் பதிவு வேண்டாம், நாளை அதில் தேதியைத் தேட முடியாது.

தகவல் பிழையைக் குழுவிலேயே திருத்தலாம், பலர் அதை அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளின் பேச்சு முறை பற்றிய குறை என்றால் தனிச்செய்தி.

இனி, அவர் விஷயம். கேட்காமல் அவரைக் குழுவில் திரும்பச் சேர்க்காதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். பிறகு, சொன்னது குழுவில் என்பதால் வருத்தமும் குழுவில். ‘மனம் புண்பட்டிருந்தால்’ என்று எழுத வேண்டாம். அந்த ‘இருந்தால்’ பழியை அவர் மனசின் மேல் போடுகிறது. ‘தேதி சரி, ஆனாலும்’ என்றும் தொடங்க வேண்டாம். ‘நான் கேட்ட விதம் தப்பு, ஐயா’. முற்றுப்புள்ளி. தலைப்பாகை உத்தரவைப் பற்றி அவர் படித்ததை எழுதச் சொல்லிக் கேட்பது இரண்டு நாள் கழித்து.