பி.ஆர்க் முடித்தவர் அமெரிக்காவில் மூன்று வருட எம்.ஆர்க் படித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் பி.ஆர்க் முடித்துவிட்டு, கோவையில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் எம்.ஆர்க் படிக்க ஆசை. ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். “இந்தியப் பட்டம் அங்கே செல்லாது, மூன்று வருட எம்.ஆர்க்தான் கிடைக்கும்” என்றார்கள். செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவையும் பணம் கட்டினால் அவர்களே செய்து தருவார்களாம். காரைக்குடியில் மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய சுண்ணாம்புக் கூரை போட்ட ஒரு வீட்டைச் சீரமைத்த வேலை என்னிடம் இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டு ஏர்போர்ட் டெர்மினல் மாதிரி பெரிதாக ஏதாவது வைக்கச் சொல்கிறார்கள். அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயாராகிவிட்டார். என்ன செய்வது? – வாசகி, கோவை

பதில்: முதலில் அப்பாவை நிறுத்துங்கள். விண்ணப்பிக்கும் கட்டத்தில் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. இடம் கிடைத்த பிறகு, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் தருவதற்கு முன்புதான் பணத்துக்கான ஆதாரம் கேட்பார்கள். இப்போதே லோன் சாங்ஷன் லெட்டர் வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், கடன் கொடுக்கும் கம்பெனியிடம் அவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள்.

அடுத்து, மூன்று வருடக் கதை. அது உங்களுக்கான படிப்பே இல்லை. அமெரிக்காவில் மூன்று வருட எம்.ஆர்க் என்பது இயற்பியலோ ஆங்கில இலக்கியமோ படித்துவிட்டு ஆர்க்கிடெக்சருக்கு வருகிறவர்களுக்காக வைத்தது. அங்கேயே நான்கு வருட ஆர்க்கிடெக்சர் இளங்கலை முடித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வருடத்தில் எம்.ஆர்க் முடித்துவிடுவார்கள். உங்களைப் போல ஐந்து வருட தொழில்முறைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கென்று போஸ்ட்-புரொஃபஷனல் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்க் 1 மூன்று வருடம், எம்.ஆர்க் 2 இரண்டு வருடம், அந்த இரண்டாவதுதான் உங்கள் வரிசை. ஹார்வர்டிலும் எம்.ஆர்க் 2 இருக்கிறது. கொலம்பியாவில் அதே தரப் படிப்புக்கு எம்.எஸ். அட்வான்ஸ்டு ஆர்க்கிடெக்சுரல் டிசைன் என்று பெயர், கோடையில் ஆரம்பித்து மூன்று செமஸ்டரில் முடிந்துவிடும். ஒரே விஷயத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு பெயர் வைத்துப் பிள்ளைகளைக் குழப்புகிறார்கள். இதை ஒழுங்குபடுத்த யாரும் இல்லை, அந்தக் குழப்பத்தில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார். பெயரைப் பார்க்காதீர்கள், “தொழில்முறைப் பட்டம் உள்ளவர்களுக்கு” என்று தகுதிப் பகுதியில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தனியார் பள்ளிகளில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 50,000 டாலரைத் தாண்டும். தேவையில்லாத ஒரு வருடம் என்பது வாழ்க்கைச் செலவையும் சேர்த்தால் கோவையில் ஒரு ஃப்ளாட்டின் விலை.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்காவிலேயே தங்கி, லைசென்ஸ் வாங்கி, ஆர்க்கிடெக்ட் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது உங்கள் எண்ணமா? அப்படியானால் கணக்கு மாறும். அங்கே பெரும்பாலான மாநிலங்கள் ஆர்க்கிடெக்சர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ‘நாப்’ (NAAB) என்ற அமைப்பு ஏற்றுக்கொண்ட பட்டத்தைக் கேட்கின்றன. அதோடு 3,740 மணி நேரப் பணி அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஆறு பாகத் தேர்வு எழுத வேண்டும். போஸ்ட்-புரொஃபஷனல் படிப்புகளுக்குப் பொதுவாக நாப் அங்கீகாரம் கிடையாது. யேலில் எம்.ஆர்க் 2 முடித்தாலும் லைசென்ஸ் விஷயத்தில் உங்கள் அடிப்படைப் பட்டம் இந்திய பி.ஆர்க்தான். அதற்காக உடனே மூன்று வருடத்துக்குப் பாய வேண்டாம். நாப் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க்கிலேயே, நீங்கள் ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நேராக மேல் செமஸ்டரில் சேர்த்துக்கொள்ளும் வழி பல பள்ளிகளில் உண்டு. அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் என்பார்கள். சில இடங்களில் அட்மிஷன் குழுவே மார்க் ஷீட்டையும் போர்ட்ஃபோலியோவையும் பார்த்து முடிவு செய்யும், சில இடங்களில் பாட வாரியாக சிலபஸ் கேட்பார்கள். அதனால் நீங்கள் படித்த ரெகுலேஷனின், அதாவது உங்கள் காலத்துப் பாடத்திட்டத்தின், சிலபஸ் பி.டி.எஃப்பை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்சர்ஸ், பில்டிங் சர்வீசஸ், கட்டடக்கலை வரலாறு, இந்த மூன்றிலும்தான் விலக்கு சுலபமாகக் கிடைக்கும். விண்ணப்பிப்பதற்கு முன்பே அட்மிஷன் ஆபீஸுக்கு நீங்களே மெயில் போட்டு, இந்தியாவில் ஐந்து வருட பி.ஆர்க் முடித்தவரை எந்த செமஸ்டரில் சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

அங்கீகரித்த பட்டம் இல்லாமலே லைசென்ஸ் வாங்கும் பாதையும் உண்டு. நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் படிப்பையும் அனுபவத்தையும் சேர்த்து வருடக் கணக்காக எடுத்துக்கொள்கின்றன. நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் கதவு அடைபடவில்லை. லைசென்ஸ் இல்லாமலே டிசைனராக அங்கே ஆபீஸ்களில் வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். திரும்பி வந்து இங்கே தொழில் செய்வதாக இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம், 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் நீங்கள் பதிவு செய்வது உங்கள் பி.ஆர்க்கை வைத்துத்தான்.

லோனை அடைக்க நினைக்கிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று, எந்த ஏஜென்டும் இதைச் சொல்லித் தருவதில்லை. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி.யில், அதாவது மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் அனுமதியில், 12 மாதம் வேலை பார்க்கலாம். அந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் கூடும். ஒவ்வொரு படிப்பையும் ஓர் எண்ணில், அதாவது கோடில் (code), பதிவு செய்வார்கள். சாதாரண ஆர்க்கிடெக்சரின் கோடு 04.0201, இது ஸ்டெம் இல்லை. ஆர்க்கிடெக்சுரல் அண்ட் பில்டிங் சயன்ஸஸ் என்று வரும் 04.0902 ஸ்டெம். பாடம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தாலும் எந்தக் கோடில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்கு ஒரு வருடமா மூன்று வருடமா என்பது தீர்மானமாகிறது. ஐ-20 முதல் பக்கத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே இந்த எண் இருக்கும். ஆனால் அது கைக்கு வரும்வரை காத்திருக்காமல் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது போர்ட்ஃபோலியோ. காரைக்குடி வீட்டை எடுக்கச் சொன்னவர் உங்கள் விண்ணப்பத்தின் உயிரையே எடுக்கச் சொல்கிறார். நான் பார்க்கும் போர்ட்ஃபோலியோக்களில் பாதிக்கு மேல் ஒரே முகம்: லூமியன் சாஃப்ட்வேரில் போட்ட ரெண்டர் படம், மாலை வானம், ஓரத்தில் பறவைக் கூட்டம், முன்னால் ஒரு வெள்ளைக் கார். அட்மிஷன் குழு அதை நொடியில் புரட்டிவிட்டுப் போகும். உங்களிடம் இருப்பதோ ஒரு மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக, மூலைவாக்கில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து இறுக்கியது. எந்த உத்தரம் உளுத்திருந்தது, எதை மாற்றினீர்கள், எதை விட்டுவைத்தீர்கள், ஏன்? அந்த முடிவை, குறுக்குவெட்டாக வரைந்த ஒரு செக்‌ஷனிலும் சைட்டில் எடுத்த நான்கு போட்டோவிலும் காட்டுங்கள். கொத்தனார் சொல்லி நீங்கள் மாற்றிய டீடெயில் இருந்தால் அதையும் போடுங்கள். யோசிக்கத் தெரிந்தவரா என்றுதான் அவர்கள் தேடுகிறார்கள். நான்கைந்து வேலை போதும், எல்லா செமஸ்டரையும் திணிக்காதீர்கள். ஆபீஸ் வேலை என்றால் முதலாளியிடம் அனுமதி வாங்குங்கள், ஆபீஸ் பெயரையும் அதில் உங்கள் பங்கு எது என்பதையும் எழுதுங்கள். குழுவாகச் செய்ததற்கும் இதேதான். பக்க வரம்பும் ஃபைல் அளவும் பள்ளிக்குப் பள்ளி வேறு, மீறினால் சிஸ்டமே ஏற்காது.

பணம் வாங்கிக்கொண்டு போர்ட்ஃபோலியோ செய்து தருகிறவர்கள் ஒரே டெம்ப்ளேட்டை, சில நேரம் ஒரே ப்ராஜெக்டையே பல பேருக்கு விற்கிறார்கள். இன்டர்வியூ வைத்து, “இந்தப் படிக்கட்டு ஏன் இங்கே இருக்கிறது” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதைவிட மோசமானது சிபாரிசுக் கடிதம். பேராசிரியர் பெயரில் ஜிமெயில் ஐடி உருவாக்கி, ஏஜென்டே கடிதத்தை அப்லோட் செய்கிற வேலை நடக்கிறது. பிள்ளைக்குத் தெரியாமலேகூட நடக்கிறது. கண்டுபிடித்தால் அட்மிஷன் ரத்து, படித்து முடித்த பிறகு தெரிந்தால்கூடப் பட்டம் போகும். சிபாரிசு கேட்கும் லிங்க் உங்கள் பேராசிரியரின் கல்லூரி மெயிலுக்கோ ஆபீஸ் முதலாளியின் மெயிலுக்கோதான் போக வேண்டும். விண்ணப்ப அக்கவுண்டின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், திரும்ப வாங்கப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

“எங்கள் சேவை இலவசம்” என்பவரிடமும் கவனமாக இருங்கள். அவருக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது, கமிஷன் தராத நல்ல பள்ளிகள் அவர் பட்டியலில் வராது. உங்களை மூன்று வருடப் படிப்புக்குத் தள்ளுவதும் இதனால்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலான பள்ளிகளின் கடைசித் தேதி டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் வந்துவிடும். விண்ணப்பத்துக்குப் பொதுவாக ஸ்கேன் செய்த மார்க் ஷீட் போதும், சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் இடம் கிடைத்த பிறகு. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். நம் அலுவலகங்களில் ஒரு காகிதம் மேஜை மாறுவதற்கே வாரக்கணக்காகிறது, கேட்டால் சரியான பதில் வராது, தவிப்பதெல்லாம் பிள்ளைகள்தான். ஜி.ஆர்.இ. பல பள்ளிகளில் இப்போது கேட்பதில்லை, பள்ளி வாரியாகப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுங்கள். டோஃபலோ ஐ.இ.எல்.டி.எஸ்ஸோ அக்டோபருக்குள் எழுதிவிட்டால், நவம்பர் முழுவதையும் காரைக்குடி வீட்டுக்கு ஒதுக்கலாம்.