பழைய கார் மேல் ஆசை, படிப்பு எதில்?

அன்புள்ள அக்கா,

"பழைய கார், பழைய கார் என்றே கிடக்கிறான், இதை வைத்து என்ன சம்பாதிப்பான்?" என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டுத் தம்பியிடம் இரண்டு முறை பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு அவனைப் பற்றிப் பயமில்லை.

முதல் நாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் காக்கி புக்கிட் வட்டாரத்துப் பட்டறையில் தான் கூடமாட வேலை செய்யும் பழைய பென்ஸைப் பற்றிச் சொன்னான். பெட்ரோலை இன்ஜினுக்குப் பீய்ச்சிவிடும் அந்தக் காலத்து கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வண்டி. "ஈயம் இல்லாத பெட்ரோல் ஊற்றித்தான் இன்ஜெக்டர் கெட்டுப்போச்சு" என்றான். எப்படி என்று கேட்டேன். தெரியவில்லை. அடுத்த வாரம் பதிலோடு வந்தான். முன்பு பெட்ரோலில் கலந்த ஈயம் காத்தது, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வ் வந்து அமரும் விளிம்பைத்தான், இன்ஜெக்டரை அல்ல. ஈயத்தை எடுத்தபோது ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் திறன், குறையாமலிருக்க டொலுயீன் போன்ற கரைப்பான்களைக் கூட்டினார்கள். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும், இணைப்பில் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையமும் அதில் ஊறிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கி விரிசல் விடும், பெட்ரோல் கசியும். பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் என்ற ரப்பராக மாற்றினால் சரியாகும்.

அப்புறம் அவனாகவே கவனித்தது ஒன்று. பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டி இங்கே ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம். மீதி 320 நாள் சும்மா நிற்கும்போது உள்ளே இருக்கும் பெட்ரோல் பிசின்போல் படிகிறது. எரிபொருளைப் பங்கிடும் பிளஞ்சர் என்ற சிறு உலோகத் தண்டு இறுகிக்கொள்கிறது. "நிறுத்தி வைத்ததையும் பார்க்கணும் சார், பெட்ரோலை மட்டும் திட்டக் கூடாது" என்றான். காரணத்தைத் தேடிப்போகும் இந்தப் பழக்கத்தை எந்தப் பட்டறையும் விரும்பும்.

சரி, வருமானம். பழைய கார்களை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இந்த ஊரில் அவை கொஞ்சம்தான். 2030 முதல் புதிதாகப் பதியும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும், 2040க்குள் எல்லா வாகனமும் அதற்கு மாற வேண்டும் என்பது அரசாங்கத் திட்டம். ஆகவே தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பம் சேரட்டும். மின்சார வாகனங்களின் உயர் மின்னழுத்தப் பாடத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. மதிப்பெண் கைகொடுத்தால் அங்கிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் போகலாம். தேசிய சேவைக்கு முன் படிப்பை முடித்துவிட்டால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையை நிறுத்திவிடாதீர்கள், அக்கா. அடுத்த முறை வரும்போது அவனுடைய கடைசித் தேர்வு மதிப்பெண்களையும், அந்தப் பென்ஸைப் பற்றி அவன் எழுதி வைத்திருக்கும் நோட்டையும் எடுத்து வாருங்கள். நேர்முகத்தில் காட்ட அந்த நோட்டு உதவும்.