ஊசி போடும் நாளை யார் ஞாபகம் வைப்பது? திருகோணமலை வாசகர்களின் மனநலக் கேள்விகள்

அண்ணாவுக்கு மாதம் ஒரு ஊசி. குரல் கேட்பது நின்றுவிட்டது. இப்போது "எனக்குச் சுகம்தானே, இனிக் கிளினிக் வரமாட்டேன்" என்கிறார். (மூதூர்)

ஊசியை விட்ட மறுநாளே நோய் திரும்பினால் யாரும் தவறவிடமாட்டார்கள், தங்கச்சி. மருந்து உடம்பில் மெல்லத்தான் குறையும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, வீடே ஏமாந்துவிடும். சண்டை பிடிக்காமல், ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். கை நடுக்கம், உடம்பு இறுக்கம், ஓரிடத்தில் இருக்கமுடியாத அந்தரம், ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஆண்மைக் குறைவு, இப்படி ஏதாவது இருக்கும். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், டாக்டருக்குத் தெரிந்தால்தானே! அதற்கிடையில் நித்திரையைக் கவனியுங்கள். நடுச்சாமத்தில் முற்றத்தில் நடக்கிறார், சோற்றை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைக்கிறார் என்றால் நோய் திரும்பத் தொடங்கியிருக்கலாம், கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

மகனுக்கு ஓதிப் பார்க்கிறோம். ஆஸ்பத்திரிக்கும் போகலாமா? (கிண்ணியா)

தாராளமாக. மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, கட்டிவைத்தாலோ, அடித்தாலோ மட்டும் பிள்ளையை உடனே கூட்டிவந்துவிடுங்கள். கோயிலில் கயிறு கட்டுபவர்களுக்கும் இதே பதில்தான்.

லித்தியம் மாத்திரை குடிக்கிறேன். இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போகலாமா? (திருக்கடலூர்)

லித்தியம் பெரும்பாலும் இருமுனைக் கோளாறுக்கு, அதாவது மனம் ஒருகாலம் அளவுமீறிப் பொங்கி, ஒருகாலம் சோர்ந்துபோகும் நோய்க்குக் கொடுப்பது. அது உள்ளவருக்கு நித்திரை கெடுவதே பெரிய ஆபத்து. முடிந்தால் பகல் தொழிலுக்கு மாறுங்கள். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன் வாங்கிப் போட்டாலும் அப்படித்தான். கூடப்போகும் ஒருவருக்காவது விஷயத்தைச் சொல்லிவையுங்கள்: வாந்தி, கடும் நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல் கண்டால் கரைக்குத் திருப்பி நேரே ஆஸ்பத்திரி.

எங்கள் மாதர் சங்கம் என்ன செய்யலாம்? நாங்கள் டாக்டர் இல்லையே. (நிலாவெளி)

டாக்டர் இல்லாததால்தான் உங்களை வீட்டுக்குள் விடுவார்கள்! இந்தியாவில் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு (குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை வரும் நோய்) நோயாளிகளின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு ஊர்க்காரர்களின் உதவியும் கிடைத்த நோயாளிகள் ஓரளவு கூடத் தேறினார்கள். அற்புதம் ஒன்றுமில்லை, ஆனால் உண்மையான பலன். நீங்கள் கிளினிக் நாளில் ஓட்டோவுக்குக் காசு சேருங்கள், நோயாளியின் அம்மா பாவம் கொஞ்சம் ஓய்வெடுக்க அரைநாள் கூட இருங்கள், சிறு வேலை கொடுங்கள். மருந்து விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டுமா?

அனேகமாக வேண்டாம். சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுவரச் சொல்லித்தான் 2005இல் தேசிய மனநலக் கொள்கையே வந்தது. முதலில் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். இரவில் நிலைமை முற்றி யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926க்கு எந்நேரமும் எடுக்கலாம்.