17 குழுக்களும் ஒரு சுரைப்பூவும்

வணக்கம் சார்,

கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறேன். 6 வருடமாக மாடித்தோட்டம் போடுகிறேன். போன வருடம் ஒரு வலைப்பக்கம் ஆரம்பித்து இதுவரை 41 கட்டுரைகள் எழுதிவிட்டேன். எல்லாமே நானே வளர்த்துப் பார்த்து, படம் எடுத்து எழுதியவை.

ஒவ்வொரு கட்டுரையின் லிங்க்கையும் 17 வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் போடுகிறேன். சில குழுக்களில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் படிக்க வருவது 6 பேர், மிஞ்சினால் 10 பேர். அதிலும் இரண்டு பேர் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும். போன மாதம் 2 குழுக்களில் காரணம் சொல்லாமல் என்னை நீக்கிவிட்டார்கள். அழுகையே வந்துவிட்டது. நான் என்ன சேலையா விற்கிறேன்?

பணம் கட்டி ஓர் ஆன்லைன் வகுப்பிலும் சேர்ந்தேன். ‘தினமும் 10 பேருடைய பதிவில் கமெண்ட் போடுங்கள், அவர்கள் திரும்பி வருவார்கள்’ என்றார்கள். ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

நீங்கள் ரொம்ப வருடமாக இணையத்தில் எழுதுகிறீர்கள். எழுதியதை நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? குழுக்களில் நான் போட்டவற்றின் ஸ்கிரீன்ஷாட்களை இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்)

வணக்கம்.

கடிதத்தை ஒரு தடவை படித்தேன். ஸ்கிரீன்ஷாட்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் ஒரு விஷயம் சிக்கியது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இணையத்தில் எழுத வந்தது 2006-ல். தமிழ் வலைப்பதிவர்களுக்கு அப்போது ஊர்ச் சாவடி மாதிரி இருந்தது தமிழ்மணம். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய திரட்டி அது. யார் புதிதாக எழுதினாலும் தலைப்பு அங்கே வரும். புதிதாகப் பின்னூட்டம் வந்த பதிவுகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஒரு பின்னூட்டம் விழுந்தால் பதிவு மறுபடி அந்தப் பட்டியலில் மேலே ஏறிவிடும். இது புரிந்த அன்றைக்கே நாங்கள் கெட்டுப்போனோம். பின்னூட்டம் போட்ட 10 பேருக்கும் தனித்தனியாக 10 நன்றி சொல்வோம். ஒரே நன்றியில் எல்லோரையும் முடித்துவிட்டால் மேலே ஏறுவது ஒரு தடவைதானே!

அந்தக் காலத்துப் பின்னூட்டங்கள் ஞாபகம் உள்ளவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ‘மீ த ஃபர்ஸ்ட்டு’, ‘உள்ளேன் ஐயா’, ‘ரிப்பீட்டே’. இதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நான் இன்னும் மரியாதையானவன். ‘அருமை, வாழ்த்துகள். நேரம் கிடைத்தால் நம்ம பக்கமும் வாங்க’ என்று எழுதுவேன். ஒரு ராத்திரியில் 30 பேர் வீட்டு வாசலில் இதையே வைத்துவிட்டுத் தூங்கப் போவேன். கல்யாண வீட்டு மொய் நோட்டுதான். நீ எனக்கு 101 எழுதினாய், நான் உனக்கு 101. சாப்பாடு எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் பணம் கட்டிப் படித்த வகுப்பு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நாங்கள் இலவசமாகவே கற்றுத் தேர்ந்திருந்தோம்.

அப்போது அப்பாவின் வால்வு ரேடியோவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டி, நோட்பேடில் இருந்து வெட்டி ஒட்டியபோது பாதிதான் ஒட்டியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ‘அவர் இறந்து மூன்று மாதம் கழித்து அந்தப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே’ என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. முற்றுப்புள்ளிகூட இல்லை. நாலு நாளில் 31 பின்னூட்டங்கள். அருமை. நெகிழ்ச்சி. கண்கள் பனித்தன. ஐந்தாம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார்: ‘உள்ளே என்ன சார் இருந்தது?’

அவர் மட்டும்தான் படித்திருந்தார்.

அவர் பழைய ரேடியோ சரிசெய்கிறவர். பல்லி முட்டை ஓடும் ஒரு பழைய ரிப்பேர் ரசீதும் இருந்தன, செட்டை ஆன் செய்தால் ‘ம்ம்ம்’ என்று ஒரே ரீங்காரம் என்று சொன்னேன். ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துபோயிருக்கும், பழைய செட்டில் முதலில் போவது அதுதான், மாற்றாமல் கரண்ட் கொடுக்காதீர்கள் என்றார். பழைய ரேடியோ பிரியர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றிலும் சேர்த்துவிட்டார். அங்கே எட்டு மாதம் இருந்தேன். என் வலைப்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கமெல்லாம் இல்லை. அங்கே எனக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் வாய் திறக்க வழியில்லை. கேள்வி கேட்டேன். அவர்கள் சொன்னதைச் செய்து பார்த்து, ஆயிற்று, ஆகவில்லை என்று திரும்ப வந்து சொன்னேன். கடைசியில் ரேடியோ பாடியது. கட்டுரையைத் திருத்தி எழுதி, தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று அந்தக் குழுவிலேயே வைத்தேன். இரண்டு தப்புச் சொன்னார்கள். அப்புறம் அவர்களே அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள், நான் கேட்காமலே. இன்றைக்கும் எனக்குக் கடிதம் வருவது அந்தக் கட்டுரைக்குத்தான். மொய் எழுதிய 31 பேரில் இன்று தொடர்பில் இருப்பவர் ஒருவரும் இல்லை.

சரி, உங்கள் மூன்றாவது ஸ்கிரீன்ஷாட்.

ஒரு மாடித்தோட்டக் குழு. ஓர் அம்மா படம் போட்டுக் கேட்கிறார்: ‘சுரைக்காய் விரல் அளவு வந்து மஞ்சளாகி வெம்பி விழுந்துடுது. என்ன உரம் போடறது?’ கீழே வரிசையாகப் பதில்கள். பஞ்சகவ்யா தெளியுங்கள், மீன் அமிலம் கொடுங்கள், பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றுங்கள், கண் திருஷ்டியாக இருக்கும். அதற்கு நடுவில் உங்கள் லிங்க். மாவுப்பூச்சியைப் பற்றி அன்று நீங்கள் எழுதிய கட்டுரை. மேலே கீழே ஒரு வார்த்தை கிடையாது.

உங்கள் வலைப்பக்கத்துக்குப் போய்த் தேடினேன். அந்த அம்மாவின் கேள்விக்கு நேரான பதிலை மூன்று மாதத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறீர்கள்! மகரந்தம் சேராத பெண் பூவின் பிஞ்சுதான் பெரும்பாலும் அப்படி வெம்பும், உரம் போட்டுப் பிரயோசனம் இல்லை என்று. பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ, வெறும் நீளக் காம்பு என்றால் ஆண் பூ, ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிவிட்டு அதன் மகரந்தம் படும்படி பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும் என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள். குழுவிலேயே அதைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது. ஆனால் நீங்கள் கேள்வியைப் படிக்கவில்லை. நான் மற்றவர்கள் கட்டுரைகளைப் படிக்காமல் ‘அருமை’ போட்ட மாதிரியேதான்.

அன்றைக்கு நீங்கள் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். அந்தப் பதிலை நாலு வரியில் அங்கேயே எழுதுவது. முழுசாக. ‘மீதியைக் கட்டுரையில் படிக்கவும்’ என்று பாதியில் நிறுத்துகிற தந்திரம் வேண்டாம், அது பிஸ்கட்டைக் காட்டி நாயைக் கூப்பிடுகிற வேலை. ‘நாளைக்கு ஒரு பூவுக்குச் செய்து பார்த்துச் சொல்லுங்கம்மா’ என்று முடித்திருக்கலாம். படம் பார்த்தால்தான் புரியும் என்று தோன்றினால் மட்டும், ‘இதைப் படங்களோடு நான் எழுதியிருக்கிறேன்’ என்று சொல்லி லிங்க். நான் எழுதியது என்பதை ஒளிக்கக் கூடாது. யாரோ எழுதிய நல்ல கட்டுரையைத் தற்செயலாகப் பார்த்த மாதிரி சொந்தக் கட்டுரையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு தடவை பிடிபட்டால் போதும்.

நீக்கியதைப் பற்றி. நீங்கள் சேலை விற்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அட்மினின் இடத்தில் இருந்து பாருங்கள். சம்பளம் இல்லாத வேலை. ராத்திரி உட்கார்ந்து கடன் விளம்பரம், ஜோசிய விளம்பரம் என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பார். வார்த்தையே இல்லாத லிங்க் ஒன்று, ஒரே நேரத்தில் அவர் இருக்கும் மூன்று குழுக்களிலும் வந்து விழுகிறது. அவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இந்தக் கோபம் ரொம்பப் பழையது. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய விவாத அரங்கில் 5000-க்கும் மேற்பட்ட குழுக்களில் போட்டார்கள். எந்தக் குழு எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார்க்கவே இல்லை. திட்டி வந்த கடிதங்களின் பாரம் தாங்காமல் அவர்களுக்கு இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் சர்வரே படுத்துவிட்டது. கணக்கையும் மூடிவிட்டார்கள். உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்து விழுவது வாசலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

‘ஆயிரம் பேர்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுவில் முன்பு 256 பேர்தான் சேர முடியும், 2022-ல் அதை 512 ஆக்கி, பிறகு 1024 ஆக்கினார்கள். இடம் பெரிதானதே தவிர வாசிக்கிறவர் கூடவில்லை. பெரிய குழுக்களில் பாதிப் பேர் ஒலியை அணைத்து வைத்திருப்பார்கள், நானும் அப்படித்தான். 60 பேர் இருக்கும் குழுவில் யார் செடி எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே 17-ஐ இரண்டாகக் குறையுங்கள். எந்த இரண்டு என்று கேட்டால், எழுத உங்களிடம் ஒன்றும் இல்லாத நாளிலும் திறந்து பார்ப்பீர்களே, அந்த இரண்டு. அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் எதிலும் போடாதீர்கள். பிடிக்காத இடத்தில் பிடித்த மாதிரி நடிப்பது மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு, பத்துப் பதிவு போட்டால் ஒன்றுதான் சொந்தச் சரக்காக இருக்கலாம் என்று. பரவாயில்லாத கணக்கு. ஆனால் அந்த ஒன்றுக்காக ஒன்பதை எண்ணிக்கொண்டே போடுகிறவனை ஊர் கண்டுபிடித்துவிடும். தேர்தல் வருடத்தில் மட்டும் துக்கம் விசாரிக்க வருகிறவரை நமக்குத் தெரியாதா?

நீக்கிய குழுக்களில் ஒன்று உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் அட்மினுக்குத் தனியாக எழுதுங்கள். நியாயம் கேட்காதீர்கள். ‘லிங்க் போடக் கூடாது என்பது தெரியாமல் செய்துவிட்டேன், செடிகளைப் பற்றிப் பேச மட்டும் வரலாமா’ என்று கேளுங்கள். சேர்த்தால் சரி, சேர்க்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சொந்த எழுத்தை நாமே எடுத்துப்போவது கேவலம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் பதிப்பித்த புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அதில் என்ன வெட்கம்? ஆனால் அவர் புத்தகக் கட்டை வாசலில் வீசிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறியிருந்தால் ஒருவரும் பிரித்திருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை உடனே ஏறாது. முதல் இரண்டு மாதம் அந்த 6 பேர் 4 பேராகக்கூட ஆகலாம், உங்கள் தங்கை வீட்டுக்காரரும் ஓய்ந்துபோவார். கட்டுரைகளின் எண்ணிக்கையும் குறையும். குழுவில் கேட்கப்படும் கேள்விகளில் இருந்தே அடுத்த கட்டுரை பிறக்கும் என்பதால் அது நஷ்டமில்லை. மாவுப்பூச்சிக் கட்டுரையைவிடச் சுரைக்காய்க் கட்டுரை நன்றாக இருப்பதற்குக் காரணம்கூட, அதில் நீங்கள் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டுரையைப் பற்றி எனக்கும் ஒரு சந்தேகம். சுரைப்பூ சாயங்காலம் மலரும், அப்போதுதான் தொட்டுவைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பரங்கிப்பூ, உங்கள் ஊர் அரசாணி, விடியற்காலையில் மலர்வதைப் பார்த்துவிட்டு எல்லாப் பூவும் அப்படித்தான் என்று நினைத்து, இரண்டு வருடமாகக் காலை 6 மணிக்கு மாடி ஏறி வாடின சுரைப்பூவைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு காய்கூட நிற்கவில்லை. நேற்று சாயங்காலம் 6 மணி வாக்கில் மூன்று பூவுக்குச் செய்திருக்கிறேன். பிடித்துவிட்டது என்பது எத்தனை நாளில் தெரியும்?