'புலி கேரண்டி' என்பவருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசியில், இரண்டு பிள்ளைகளையும் 68 வயது அம்மாவையும் சொந்தக் காரில் முதுமலைக்கு அழைத்துப் போக ஆசை. மசினகுடியில் ரூம் போட்டுத் தரும் ஏஜென்ட் ஒருவர், "இந்த சீசனில்தான் எல்லாம் தெரியும், புலி கேரண்டி" என்கிறார். பகலில் ஜீப் ரைடு, இரவில் நைட் சஃபாரி இரண்டுக்கும் சேர்த்து 4,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். ஆனால் என் நண்பர், மழைக்காலத்தில் காட்டில் ஒன்றும் தெரியாது, ஏப்ரலில் போ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். பயணத்தையும் தள்ளிப் போடாதீர்கள். ஏஜென்ட் சொல்வது பொய். நண்பர் சொல்வதில் பாதி சரி.

புலியை முதலில் பார்த்துவிடலாம். 2022 கணக்கெடுப்பின்படி முதுமலையில் நூற்றுக்கும் மேற்பட்ட புலிகள் இருக்கின்றன. ஆனால் புலிகள் காப்பகத்தின் பரப்பு கிட்டத்தட்ட 688 சதுர கிலோமீட்டர். கோடையில் இலை உதிர்ந்து காடு வெளிச்சமாக இருக்கும், தண்ணீரும் ஆறு, குட்டை என்று சில இடங்களில்தான் நிற்கும். விலங்குகள் அங்கே வந்தாக வேண்டும். புரட்டாசியில் நிலைமை நேர்மாறு. பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர் நிற்கிறது, புல் மாடு மறையும் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது, சாலையோரம் முழுக்க உண்ணிச்செடி அடைத்து நிற்கிறது. பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இந்த மாதத்தில் புலிக்கு உத்தரவாதம் தருகிறவர் காட்டைப் பற்றிப் பேசவில்லை, உங்கள் முன்பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

இனி நைட் சஃபாரி. அப்படி ஒன்று முதுமலையில் கிடையாது. வனத்துறை நடத்துவதில்லை, வேறு யாருக்கும் அனுமதி தருவதும் இல்லை. காப்பகத்தின் வழியாக பந்திப்பூர், மைசூர் போகும் நெடுஞ்சாலையையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். இருட்டில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு ஸ்பாட்லைட்டைக் கொடுத்து மண்பாதையில் சுற்றிக் காட்டுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "டிரைவர்தானே கூட்டிக்கொண்டு போனார்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஜீப்பில் உட்கார்ந்திருப்பவரும் அத்துமீறி நுழைந்தவர்தான். அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ரேஞ்சர் ஆபீஸில் நிற்க வேண்டிவரும். அதைவிடப் பெரிய ஆபத்து யானை. திடீரென்று கண்ணில் வெளிச்சம் அடித்தால் கூட்டத்தில் குட்டி வைத்திருக்கும் பெண் யானை என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறுகலான மண்பாதையில் ஜீப்பைத் திருப்பவும் இடம் இருக்காது.

ரூம் விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தனியார் விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். அந்த யானை செத்துப்போனது. நாடே அந்த வீடியோவைப் பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. அந்த வழித்தடத்தில் இருந்த பல ரிசார்ட்டுகளை அதற்கும் முன்பே பூட்டி சீல் வைத்திருந்தார்கள். ஆகவே ரூம் எடுக்கும்போது உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், அதன் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "கேம்ப் ஃபயர் உண்டு, ரூம் வாசலிலேயே யானை வரும்" என்று விளம்பரம் செய்கிற இடமென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். யானை தானாக வாசலுக்கு வராது. உப்பு, பலாப்பழம் என்று எதையாவது போட்டுப் பழக்கியிருப்பார்கள், இல்லையென்றால் அதன் பாதையை மறித்துக் கட்டடம் கட்டியிருப்பார்கள்.

சரி, பகல் ஜீப் ரைடு? இதில்தான் நல்லவர்களும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காப்பகத்துக்குள் சஃபாரி என்றால் அது வனத்துறை நடத்துவது மட்டும்தான். தெப்பக்காட்டில் உள்ள வரவேற்பு மையத்திலிருந்து காலையிலும் பிற்பகலிலும் புறப்படும். ஆனால் காப்பகத்தின் நடுவே பொதுச்சாலைகளும் இருக்கின்றன. கூடலூரிலிருந்து தெப்பக்காடு, தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, மசினகுடியிலிருந்து மாவனல்லா வழியாக வாழைத்தோட்டம் போகும் சாலைகளில் அரசுப் பஸ் ஓடுகிறது. உங்கள் கார் போகலாம், தனியார் ஜீப்பும் போகலாம், பகலில் யாரும் தடுக்க முடியாது. எனவே தனியார் ஜீப் எல்லாமே சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. டிரைவர் இந்தத் தார்ச்சாலைகளில் மட்டும் ஓட்டினால் அவர் மேல் தப்பில்லை. மசினகுடிப் பையன்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு. மான் எந்தத் திருப்பத்தில் நிற்கும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அதே சாலையில், அதே மானை, உங்கள் காரின் கண்ணாடி வழியாகக் காசில்லாமல் பார்க்கலாமே! அதைத்தான் 'ஃபாரஸ்ட் சஃபாரி' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். வாங்கியவர் ஏமாற்றத்தோடு இறங்குவார். அடுத்த தடவை அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான் டிரைவர் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்குகிறார். சிக்கல் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

எது தனியார் நிலம், எது வருவாய்த்துறை நிலம், எது காப்புக்காடு என்று மசினகுடியைச் சுற்றி வெளியூர்க்காரர் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கெல்லாம் சர்வே எண் தேட வேண்டாம். ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போகிற பாதையில் பஸ் ஓடுகிறதா?" ஓடுகிறது என்றால் ஏறுவது உங்கள் இஷ்டம். "இல்லை சார், அதெல்லாம் நம்ம பழக்கம், செக்போஸ்டில் சொல்லிக்கலாம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

இவ்வளவு குழப்பத்துக்கும் ஏஜென்ட்டை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சாலை பொது, எந்தப் பாதையில் நுழையக் கூடாது, நைட் சஃபாரி என்று ஒன்று கிடையாது என்ற மூன்று வரிகளைப் பெரிய எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் எழுதி, ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் ஒவ்வொரு விடுதி வரவேற்பறையிலும் மாட்ட எத்தனை ஆண்டுகள் வேண்டும்? உள்ளூர் ஜீப் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை கொடுத்து, ரேட் நிர்ணயித்து விட்டால் பாதிப் பேர் நாளைக்கே நேர்வழிக்கு வந்துவிடுவார்கள். அதைச் செய்யாமல் ஒவ்வொரு விடுமுறைக்கும் நாலு பேரைப் பிடித்து அபராதம் போட்டு, படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் அதே ஜீப், அதே பாதை. மனம் நொந்துபோகிறது.

வனத்துறை சஃபாரிக்குக் காப்பகத்தின் சொந்த இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். தேடினால் மேலே வருகிறவை பெரும்பாலும் ஏஜென்சிகளின் பக்கங்கள். பெயரும் படமும் அரசாங்கப் பக்கம் மாதிரியே இருக்கும். கீழே போய் யார் நடத்துகிறார்கள் என்று படித்த பிறகு பணம் கட்டுங்கள். காலையில் முதல் வண்டியாகப் பார்த்து எடுங்கள். கனமழை பெய்தால் வண்டி போகாது, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நண்பர் சொன்ன ஏப்ரலுக்கு வருகிறேன். அப்போது விலங்குகள் கண்ணில் படும் என்பது உண்மை. ஆனால் அது காட்டுத்தீயின் மாதமும்கூட. தீ பயம் அதிகமானால் சஃபாரியையே நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, பிள்ளைகளுக்குக் காடு என்றால் என்னவென்று காட்ட செப்டம்பர் கடைசி மாதிரி ஒரு காலம் கிடையாது.

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிற இடம். தேக்கு உச்சியில் வெள்ளைப் பூங்கொத்து இன்னும் மிச்சமிருக்கும், மூங்கில் பச்சைப்பசேல் என்று நிற்கும். கிழக்கே போகப் போக மரங்கள் குட்டையாகும். மசினகுடி தாண்டினால் உசிலை, இலந்தை, வேலமரம் என்று முள்காடு. மலை மறைப்பதால் அங்கே தென்மேற்கு மழை அவ்வளவாக எட்டாது, ஐப்பசியில் வரும் வடகிழக்கு மழையை நம்பித்தான் அந்தக் காடு இருக்கிறது. ஒரே மாவட்டத்தில், அரை மணி நேரத்தில், இரண்டு பருவமழையின் எல்லையைக் கடந்து போகிறீர்கள். புத்தகத்தில் 'மழை மறைவுப் பகுதி' என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆண்மயிலைப் பார்த்தால் நீளத் தோகை இல்லாமல் மொட்டையாகத் திரியும். நோய் ஒன்றுமில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகை உதிர்ந்து, மறுபடி முளைக்கும். தெப்பக்காடு பாலத்துக்குக் கீழே மோயாற்றுப் பாறைகளில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒரு சின்னப் பறவை ஓடினால் அது சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிருக்கு முன்பே தெற்கே வந்து சேர்கிற முதல் விருந்தாளிகளில் ஒன்று. சாலையோரம் கிலுகிலுப்பைச் செடி கண்ணில் பட்டால் கவனியுங்கள். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் வகை வண்ணத்துப்பூச்சிகள் கொத்துக் கொத்தாக அதில் தொங்கும். அதன் சாற்றில் உள்ள ஒருவகைக் கசப்பு ரசாயனம் ஆண் பூச்சிகளுக்கு இணைசேரத் தேவை. வடகிழக்கு மழைக்கு முன்னால் இவை கூட்டமாக இடம்பெயரும் காலமும் இதுதான். மரத்துக்கு மரம் மஞ்சள் நூலில் வலை பின்னி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்தி உட்கார்ந்திருப்பதையும் மழை முடிந்த இந்த மாதங்களில்தான் நன்றாகப் பார்க்கலாம். இவற்றுக்கு யாரும் கேரண்டி கொடுப்பதில்லை. ஆனால் புலியைவிட இவற்றைப் பார்க்கும் வாய்ப்புதான் அதிகம்.

அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பிடிக்கிற இடம் தெப்பக்காடு யானைகள் முகாம். காலையிலும் மாலையிலும் சோறு போடும் நேரத்துக்குப் போங்கள். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்பு கலந்து பெரிய பெரிய கவளமாக உருட்டிப் பாகன்கள் ஊட்டுவார்கள். நடக்க வேண்டிய தூரமும் குறைவு. கையில் இருக்கும் வாழைப்பழத்தை யானைக்கு நீட்ட வேண்டாம். வழியில் நாட்டுக் குரங்குகளுக்கு பிஸ்கட் போடவும் வேண்டாம். காட்டுச் சாலையில் படம் எடுக்கக் காரை விட்டு இறங்கவே கூடாது. முன்னால் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், லைட்டைப் போட்டு அணைக்காமல் காத்திருங்கள்.

வழி பற்றி முக்கியமானது ஒன்று. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகத் தெப்பக்காடு 36 கிலோமீட்டர்தான், கூடலூர் வழியென்றால் 67. செல்போன் மேப் குறுக்குவழியைத்தான் காட்டும். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் செங்குத்தான சாலையில் கீழே இறங்க வெளியூர் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பிரேக் சூடேறிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. "நான் சொல்லி விடுகிறேன், விட்டுவிடுவார்கள்" என்று ஏஜென்ட் சொன்னாலும் இறங்காதீர்கள். போகும்போது கூடலூர் வழியாகப் போய், திரும்பும்போது மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறி ஊட்டிக்கு வரலாம். ஏறுவதற்குத் தடையில்லை.

நீலகிரிக்குள் கார் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. அதற்கு ஒரு பைசாகூடக் கிடையாது. வண்டி எண், போன் நம்பர், தங்கும் இடம் கொடுத்து அரசு இணையதளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். 'பாஸ் சார்ஜ்' என்று யாராவது ரூம் பில்லில் சேர்த்தால் அந்த வரியை அடித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

அந்த 4,000 ரூபாயோடு கொஞ்சம் சேர்த்தால் 8×40 அளவில் ஒரு பைனாகுலர் வாங்கிவிடலாம். பயணத்துக்கு முந்தைய வாரம் பிள்ளைகளை நஞ்சராயன் குளத்துக்கு அழைத்துப் போங்கள். உங்கள் ஊர்க்காரர்களே பலர் பார்த்திராத இடம், 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டு வாத்துகள் வர இன்னும் நாளாகும், ஆனால் உள்ளான்கள் செப்டம்பரிலேயே வரத் தொடங்கும். காலை ஏழு மணிக்குள் போய், வெயில் முதுகுப் பக்கம் விழும்படி கரையில் நின்று, அசையாத ஒரு மரக்கிளையை வைத்து ஃபோகஸ் செய்யப் பழக்குங்கள். குலுங்குகிற சஃபாரி வண்டிக்குள் உட்கார்ந்து முதல்முறையாக அதைக் கற்றுக்கொள்ள முடியாது.